என் வீட்டை எனக்கே விலை சொன்னவர்

"செருப்பைக் கழட்ட வேணாம் மேடம், அப்படியே வாங்க. எப்படியும் இடிக்கப்போற வூடுதான்" என்றார் புரோக்கர் குமரேசன்.

நான் கழற்றினேன்.

சாவி அவரிடம் இருந்தது. அந்தப் பூட்டு கொஞ்சம் அடம்பிடிக்கும். கதவை முழங்காலால் லேசாக அழுத்திக்கொண்டு திருப்பினால்தான் திறக்கும். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "தள்ளுங்க, நான் திறக்கறேன்" என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

அது என் அப்பா கட்டிய வீடு. நான் வளர்ந்து, கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பிய வீடு. அதை எனக்கு விற்பதற்காகத்தான் அவர் திறந்துகொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வீடு தேடி வந்த ஒரு எண்ணெய் மில்காரம்மா, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ராஜேஸ்வரி அக்கா வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்னா த..." என்று ஆரம்பித்தார். புரோக்கரின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கண்ணை உருட்டி, தலையை ஆட்டினேன். அக்கா என்ன புரிந்துகொண்டாரோ, தெளிக்காத வாளியோடு அப்படியே உள்ளே போய்விட்டார்.

உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டின் மக்கிய வாசனை. அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் அம்மா காலத்து எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளாகப் படிந்திருந்தது. புரோக்கர் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"கட்டடத்துக்கு ஒண்ணும் போடாதீங்க மேடம். இதுக்கெல்லாம் விலையே கெடையாது. மனைக்குத்தான் விலை. மாடிக்கு வாங்க, அங்கதான் மேடம் விலையே கீது."

மொட்டை மாடிக்கு ஏறினோம். மலை அடியிலிருந்து உச்சி வரை முழுசாகத் தெரிந்தது. இடையில் ஒரு தண்ணீர்த் தொட்டிகூட மறைக்கவில்லை.

"பாத்தீங்களா? நாலு மாடி எழுப்பினா எல்லா ரூம்லயும் மலை தெரியும். தெரு முனையில வேன் வந்து திரும்பற அளவுக்கு எடம் கீது. ஆந்திரா பார்ட்டிங்க நாப்பது பேரு ஒரே வண்டியில வருவாங்க. ஒரு பௌர்ணமிக்கு ரூமை வாடகைக்கு விட்டா போதும், மாசம் முழுக்க கவலையே இல்ல."

விலை என்ன என்று கேட்டேன். சொன்னார். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சொல்லப்பட்டிருந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"பத்திரமெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"எல்லாம் கிளியர் மேடம். பெரியவரு போய்ட்டாரு. அண்ணன் தங்கச்சி ரெண்டே பேரு. அண்ணன் மெட்ராஸ்ல கீறாரு, அவரு அக்ரிமென்ட் போட்டுக் குடுத்துட்டாரு. தங்கச்சி எங்கியோ கிராமத்துல கீறாங்களாம். அவங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதுவும் வந்துடும்."

"அவங்க விலை ஜாஸ்தி கேட்டா?"

குமரேசன் சிரித்தார். "அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க மேடம். வெவரம் தெரியாதவங்க. அவங்க அண்ணனே சொன்னாரு."

கையெழுத்து போட்டால் போதும்

அப்பா இறந்ததைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, வீட்டைப் பூட்டி, சாவியைச் சம்பத் அண்ணன் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் போன். மில்லில் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வாசலுக்கு வந்தேன்.

"தனம், வூட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன். நல்ல புரோக்கரு ஒருத்தரு விலை பேசியிருக்காரு." ஒரு தொகை சொன்னார். "உனக்குப் பாதி. நீ ஒண்ணும் அலைய வேணாம். ஒரு நாள் வந்து கையெழுத்து போட்டா போதும்."

"சரிண்ணா" என்றேன். அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே எங்கள் தெருவில் யாராவது பத்திரிகையைக் காட்டி, இதுதான் இங்கே விலை என்று பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பாதி என்றதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று சாயங்காலம் எண்ணெய் வாங்க வந்த ஒரு அம்மா, பேச்சுவாக்கில், தன் நாத்தனார் ரமணாசிரமம் பக்கம் ஒரு காலி மனையை விற்றதாகச் சொன்னார். எங்கள் வீட்டு மனையில் பாதிகூட இருக்காது. அதற்கு வந்த பணம் அண்ணன் சொன்ன முழு வீட்டு விலைக்குப் பக்கத்தில் இருந்தது.

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர்.

"கேட்டுப் பாரேன்" என்றார்.

"அண்ணனையா? எப்படிங்க கேக்கறது? சந்தேகப்படறேன்னு ஆயிடாதா?"

"அவரை ஏன் கேக்கற? ஊரைக் கேளு. மல்லாட்டைக்குக் கமிட்டியில விலை இன்னானு தெரியாம ஒரு மூட்டை இறக்குவியா நீ?"

நான் இறக்கமாட்டேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை மில்லுக்கு வந்தால், கமிட்டி விற்பனைக் கூடத்தில் நேற்று என்ன விலை, இன்று என்ன விலை, சேத்துப்பட்டில் என்ன என்று மூன்று போன் போட்ட பிறகுதான் மூட்டையின் தையலைப் பிரிப்பேன். இருபது வருஷமாக அப்படித்தான். அப்பா வீட்டுக்கு மட்டும் "சரிண்ணா."

வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பாம்புக்கு வாங்கிய மனை

அப்பா பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டும் வேலையில் இருந்தார். அவர் அந்த மனையை வாங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான். தேரடிப் பக்கம் வாடகைக்கு இருந்த எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "பாம்புக்கா வாங்கினீங்க?" என்று கேட்டார்.

டிப்போவிலும் சிரித்தார்களாம். கடைத்தெருவிலிருந்து அவ்வளவு தூரம் யார் போய்க் குடியிருப்பார்கள்? கோயிலைச் சுற்றி இருந்தால்தான் விலை. அன்றைக்கு ஊரின் கணக்கு அதுதான். அப்பா மட்டும், "எனக்கு இதுதான் கட்டும்" என்றார். தொலைநோக்கு ஒன்றும் இல்லை. கையிலிருந்த காசுக்கு அதுதான் வந்தது.

பிறகு அந்தப் பக்கம் மாறியது. ஒரு கார்த்திகைக்குப் பிறகு வெளிநாட்டு அம்மா ஒருவர் வந்து மாடியறை வேண்டும் என்றார். வெள்ளைப் பருத்திப் புடவை, காலில் செருப்பில்லை. குளிர்காலம் முழுக்க இருந்தார். விடியற்காலையில் ஆசிரமத்துக்கு நடந்து போய்விட்டு வந்து, அம்மாவிடம் கருவேப்பிலை கேட்டு வாங்குவார். ஊருக்குப் போகும்போது, அடுத்த வருஷத்துக்கும் அறையைத் தனக்கே வைத்திருங்கள் என்று முன்பணம் கொடுத்தார்.

அதைத் தெரு பார்த்தது. மறு வருஷம் எங்கள் வரிசையில் ஐந்து வீட்டில் மாடிக்குச் செங்கல் ஏறியது. மாத வாடகை என்ற பேச்சு போய் 'சீசன் வாடகை' என்ற பேச்சு வந்தது. அப்போதுதான் முதல் தடவையாக எங்கள் தெரு மனைக்கு, கோயில் பக்கத்து மனையோடு ஒப்பிட்டு விலை சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு அலை. இந்தச் சில வருஷங்களாகப் பௌர்ணமிக்கு மட்டும் இல்லாமல், சனி ஞாயிறு என்றாலே தெலுங்கு பேசும் குடும்பங்கள் வண்டி வண்டியாக வருகின்றன. செங்கம் ரோட்டில் தெலுங்கு போர்டு இல்லாத சாப்பாட்டுக் கடை குறைவு. நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையை இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று கண்டதும், வீட்டுக்காரர்கள் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஸ்கூல் டீச்சர், பாங்க் ஊழியர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாம் ஊருக்கு வெளியே போனார்கள். ஒரு காலத்தில் யாரும் போகமாட்டேன் என்ற இடத்தில், இப்போது ஊர்க்காரர்கள் இருக்க முடியவில்லை.

இதெல்லாம் என் கண் முன்னால் நடந்ததுதான். ஆனால் நடந்ததைப் பார்ப்பதற்கும் விலை தெரிந்திருப்பதற்கும் நடுவில் தூரம் அதிகம் என்று, விலை கேட்டு அலைந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு உறைத்தது.

விற்றவர் விலை, வாங்கியவர் விலை

முதல் நாள் ஐந்து பேரைக் கேட்டேன். ஐந்து விலை. தலை சுற்றியது.

மெதுவாகத்தான் பிடிபட்டது. விற்றவர் சொல்லும் விலை கம்மியாக இருக்கும். பங்காளிக்கும் கடன் கேட்டு வருகிறவர்களுக்கும் பயந்து குறைத்துச் சொல்வார். வாங்கியவர் ஜாஸ்தி சொல்வார். தன் சொத்தின் மதிப்பு அதிகமாகத் தெரியட்டும் என்று. விற்கப்போகிறவர் சொல்வது ஆசை. பத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதியது. அதற்கும் கைமாறிய பணத்துக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம்.

ஆகவே கேள்வியை மாற்றினேன். "உங்க வூடு எவ்ளோ?" என்று கேட்பதை விட்டேன். "உங்க பக்கத்து வூடு எவ்ளோக்குப் போச்சு?" என்று கேட்டேன். அடுத்தவர் வீட்டு விலையை மறைக்க யாருக்கும் காரணம் இல்லை. விற்றவரைக் கேட்டு, வாங்கியவரைக் கேட்டு, பக்கத்து வீட்டாரையும் கேட்டால், மூன்றும் ஒன்று சேரும் இடத்தில் உண்மை இருந்தது.

அடுத்தடுத்த தெருக்களில் விலை இரண்டாக உடைவதையும் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அதே நீளம், அதே மண். ஆனால் நடுவில் ஒரு திருமண மண்டபம் எழும்பி மலையை மறைத்துவிட்டது. அங்கே விலை சரசரவென்று இறங்குகிறது. இன்னொரு தெரு மலைக்கு நேராக இருந்தாலும் குறுகல். வேன் திரும்பாது. லாட்ஜ் கட்டுகிறவர் அங்கே இறங்கிக்கூடப் பார்ப்பதில்லை. மழைக்குத் தண்ணீர் தேங்கும் முனை, போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும் முனை எல்லாம் தனித்தனி விலை. தீபத்துக்கு முந்தின மாதங்களில் எல்லார் வாயிலும் விலை ஏறும். ஆனி, ஆடியில் அதே ஆள் இறங்கி வருவார்.

ஒரு வீட்டில் என்னை வருமான வரிக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா மோர் கொடுத்து, தன் மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, கடைசியில் விலையையும் சொன்னார். கால் வலித்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, இனி போகவேண்டாம் என்று நினைப்பேன். மறு ஞாயிறு புறப்பட்டுவிடுவேன்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மில்லுக்கு விடுமுறை. செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடையில், "இந்தப் பக்கம் வூடு ஏதாச்சும் விலைக்கு வருதுங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு போன் போட்டார். டீ ஆறுவதற்குள் குமரேசன் பைக்கில் வந்து நின்றார். "ரெண்டு நிமிஷ நடைதான் மேடம், நல்ல வூடு ஒண்ணு கீது" என்று என் அப்பா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் வந்த யோசனை

திரும்பி வரும்போது ஜன்னல் சீட் கிடைத்தது. மழை தூறியது. ஷட்டரை இறக்காமல் நனைந்துகொண்டே வந்தேன்.

முதலில் கோபம். அண்ணன் பாதி விலையை மறைத்துவிட்டார் என்று நினைத்தேன். விவரம் தெரியாதவள் என்று எவனோ ஒருவனிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பணத்தைவிட அதுதான் நெஞ்சில் நின்றது.

ஊர் தாண்டி வயல்கள் வந்தபோது இன்னொரு யோசனை வந்தது. அண்ணனே சொன்ன விலைதானே? அந்த விலைக்கே அவர் பாகத்தை நான் வாங்கிக்கொண்டால்? "அண்ணா, அப்பா வூடு வெளியாளுக்குப் போக வேணாம், நானே எடுத்துக்கறேன்" என்றால் அவரால் மறுக்க முடியாது. மில்லை அடமானம் வைத்தால் அந்தத் தொகை எனக்கு எட்டும். வீடு முழுக்க எனக்கு. டவுனில் ஒரு எண்ணெய்க் கடை போடவேண்டும் என்ற என் பல வருஷ ஆசைக்கும் வழி பிறந்துவிடும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வீட்டில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாங்கலாம். தப்புன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார்.

"நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

"அது உங்க அண்ணன் தங்கச்சி விஷயம். ஆனா ஒண்ணு. அவரு ஒருநாள் விலையைத் தெரிஞ்சிக்குவாரு. அப்ப நீ அந்த வூட்லதான் இருப்ப."

நான் அந்த வீட்டில் அப்படி இருக்க விரும்பவில்லை. மறுநாள் காலையில் அண்ணனுக்குப் போன் செய்தேன். "கையெழுத்து போடறேன். ஆனா நீ நேர்ல வரணும். வூட்ல உக்காந்து பேசணும்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் சரி என்றார்.

ஸ்பீக்கரில் ஒரு குரல்

அண்ணன் காகிதங்களோடு வந்தார். தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் அவரே பூட்டைத் திறந்தார், ஒரே திருப்பில். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"எவ்ளோக்குப் பேசியிருக்கற?"

அதே தொகையைச் சொன்னார்.

"இந்த வூட்டை எனக்கே காட்டினாரு உன் புரோக்கரு. மாடிக்கு அழைச்சிகினு போய் மலையைக் காட்டி, இத மாதிரி ரெண்டு பங்கு விலை சொன்னாரு."

அவர் முகம் சிவந்தது. "அப்ப நான் உன்னை ஏமாத்தறேன்றியா? இதுக்குத்தான் கூப்பிட்டியா? அப்பா போய் வருஷம்கூட ஆகல."

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே அவருக்குப் போன் போடு. இன்னா விலைன்னு கேளு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டார்.

"வணக்கங்கண்ணா" என்றது குமரேசனின் குரல். "பார்ட்டி யாரும் செட் ஆகலண்ணா. மார்க்கெட் டல்லா கீது. நாம பேசின விலையே ஜாஸ்தின்றாங்க. தங்கச்சி கையெழுத்தை மட்டும் சட்டுனு வாங்கிடுங்க. லேட்டானா இந்த விலையும் போயிடும்."

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நொடியில் எனக்கு அது தெரிந்துவிட்டது. சொந்தக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து ஒரு விலைக்குத் தங்கள் பேரில் அக்ரிமென்ட் வாங்கிக்கொண்டு, வெளியாளிடம் இரண்டு மடங்குக்கு விற்று, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வது இந்த மாதிரிப் புரோக்கர்களின் வழக்கம். முப்பத்தைந்து வருஷம் சென்னையிலேயே இருந்த என் அண்ணனுக்கு எங்கள் தெருவின் விலை, அப்பா மனை வாங்கிய காலத்திலேயே நின்றுவிட்டிருந்தது. விவரம் தெரியாதவர் யார் என்று பார்த்தால், அவர்தான்.

நான் போனைக் கையில் வாங்கினேன்.

"குமரேசன், நல்லா இருக்கீங்களா? வியாழக்கிழமை எனக்கு வூடு காட்டினீங்களே."

"யாருங்க... மேடமா? நீங்க எப்படி அண்ணன்கிட்ட..."

"பாக்கி இருக்குதுன்னீங்களே ஒரு கையெழுத்து. அது நான்தான்."

அவர் குரல் மாறியது. "அக்ரிமென்ட் கீதுங்க. அட்வான்ஸ் வாங்கியிருக்காரு. கோர்ட்டுக்குப் போனா உங்களுக்குத்தான் அலைச்சல்."

"போங்க. நானும் வரேன். கீழ்பென்னாத்தூர்லருந்து அரை மணிக்கு ஒரு பஸ் இருக்குது" என்றேன்.

அண்ணன் போனை வாங்கிக் கீழே வைத்தார். "நீ ஒண்ணும் கேக்கமாட்டேன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன்."

"தெரியும். அவரு சொன்னாரு."

"கேக்கமாட்டேன்னுதான் நெனைச்சேன் தனம். நீ எதையும் கேட்டதே இல்லியே."

"இப்ப கேக்கறேன்" என்றேன்.

சம்மதம்தானா?

அடுத்த நாளே ஒரு வக்கீலைப் பார்த்தோம். என் பாகத்துக்கு என் கையெழுத்து இல்லாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். குமரேசன் மிரட்டினார், ஆள் அனுப்பினார், ஒரு தடவை மில் வாசலுக்கே வந்து நின்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் இழுத்த பிறகு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு அக்ரிமென்டைக் கிழித்தார்.

அதற்குப் பிறகு விலை பேசியது நான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்த ஒவ்வொருவரும் சுவரில் விரிசல் என்றார்கள், வாசல் தெற்கு பார்த்தது என்றார்கள். நான் மாடிக்கு அழைத்துப் போனேன். குமரேசன் என்னிடம் சொன்ன விலை வரவில்லை. அது அவர் ஆசைப்பட்டுக் கேட்ட விலைதான் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் பக்கத்து வீடுகள் உண்மையில் எந்த விலைக்குப் போயினவோ, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கீழே நான் இறங்கவில்லை. ஆடி மாதத்தில் அவசரப்படுத்தினார்கள். ஐப்பசி வரை காத்திருந்தேன்.

வீட்டை நானே வைத்துக்கொள்ள முடியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மையான விலை தெரிந்த பிறகு, அண்ணனின் பாதியை வாங்க எனக்கு வசதி இல்லை. அவ்வளவுதான். வாங்கிய குடும்பம் அங்கே அறைகள் கட்டப்போகிறது. இடித்த அன்று நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பத்திர ஆபீசில் பதிவாளர் என்னைப் பார்த்துக் கேட்டார். "விருப்பப்பட்டுத்தான் கையெழுத்து போடறீங்களாம்மா? விலை இன்னானு தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். ரசம் ஊற்றும்போது அண்ணன் கேட்டார். "அன்னிக்கு நீ விலையைச் சொல்லாம இருந்திருந்தா, என் பாகத்தைக் கம்மி விலைக்கே நீ வாங்கியிருக்கலாம் இல்ல?"

"ஆமா."

"யோசிச்சியா?"

"யோசிச்சேன். ஊரு வர்ற வரைக்கும் அதான் யோசனை."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "உனக்கு டவுன்ல கடையோட ஒரு வூடு பாக்கணும்னு சொன்னியே. இப்ப போலாமா? எனக்கு ராத்திரிதான் பஸ்" என்றார்.

நான் ஏற்கெனவே இடம் முடிவு செய்து வைத்திருந்தேன். வேட்டவலம் ரோட்டுப் பக்கம். தெரு குறுகல், வேன் திரும்பாது. கீழே நின்றால் மலை தெரியாது. ஆசிரமம் தூரம். லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு வேண்டாத காரணங்கள் எல்லாம் அந்தத் தெருவில் இருந்தன. குடியிருப்பவர்களுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இருந்தது, பக்கத்திலேயே மார்க்கெட் இருந்தது, முன்னால் ஒரு கடை போட இடமும் இருந்தது.

அந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். வாசலில் நின்றபடியே விலை சொன்னார். அண்ணன் வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் முந்திக்கொண்டு பேசுவார். அன்று பேசவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றார்.

அந்தத் தெருவில் அந்த வருஷம் கைமாறிய மூன்று வீடுகளும் எனக்குத் தெரியும். யார் விற்றார், யார் வாங்கினார், என்ன விலை என்று தெரியும். நான் ஒரு விலை சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

வாத்தியார் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றார்.